சார்ஜ் எத்தனை சார்ஜ்?

கேள்வி: புதிய தாசில்தார் சார்ஜ் எடுத்துவிட்டாரா என்று தாலுகா அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனேன். வழியில், செல்போனில் சார்ஜ் இல்லை என்றான் என் மகன். அன்றைய நாளிதழிலோ ஒரு பக்கம் சார்ஜ் ஷீட், மறுபக்கம் லத்தி சார்ஜ். இவை ஒரே ஆங்கிலச் சொல்லா, ஒலியில் மட்டும் ஒத்தவையா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: ஒரே சொல்தான். மாங்காய்ப் பருவத்தில் சந்தூர் பக்கம் ஏதேனும் ஒரு மண்டியில் சற்று நேரம் நின்று பாருங்கள். சும்மாட்டின் மேல் பெங்களூரா மாங்காய்க் கூடையை வைத்துச் சுமந்து வந்து லாரியில் ஏற்றுகிறாரே, அவர் செய்யும் வேலைதான் இச்சொல்லின் முதற்பொருள். இலத்தீன் மொழியில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த 'கார்ரிகாரே' என்னும் வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆயிற்று. காரும் கார்கோவும், ஏன், நாம் சோறு கட்டிக்கொண்டு போகும் டிபன் கேரியரும்கூட அதே வண்டியின் வழிவந்தவைதாம்.

ஒருவர் மேல் பணியை ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, பணத்தை ஏற்றினால் கட்டணம் எனப் பொருள் கிளைத்தது. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் சார்ஜ் எனப்பட்டது. 1740களில் லேடன் சாடி என்னும் கண்ணாடிச் சாடியில் மின்சாரத்தைச் சேமிக்கக் கற்றவர்கள், அதை நிரப்பும் செயலுக்கும் இச்சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களுக்குப் போடும் சார்ஜ் அந்தச் சாடியிலிருந்து வந்ததே. லத்தி சார்ஜ் மட்டும் சற்றுத் தள்ளி நிற்கிறது. எதிரியின் மேல் பாய்ந்து தாக்குவதைக் குறிக்கும் இப்பொருள், மருந்து கெட்டித்த ஆயுதத்திலிருந்து பிறந்திருக்கலாம் என்பர்.

இதைவிட எனக்குச் சுவையாகப் படுவது, தமிழும் தன்போக்கில் ஏறத்தாழ இதே தடத்தில் நடந்திருப்பதுதான். பழியை நாமும் 'சுமத்துகிறோம்'; வரியைச் 'சுமை' என்கிறோம்; பொறுப்பு என்னும் சொல்லே தாங்குதலைக் குறிக்கும் 'பொறு' என்பதன் வழி வந்தது; சார்ஜ் போடுவதற்கு 'மின்னேற்றம்' என்று பெயரிட்டவர்களோ, லாரியில் மூட்டை ஏற்றும் அதே ஏற்றத்தைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சார்ஜ் ஷீட் குறித்து ஓர் எச்சரிக்கை: காவல்துறை தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை; அதைப் பரிசீலித்த பின் நீதிமன்றம் பதிவு செய்வது குற்றச்சாட்டு. செய்தி எழுதுவோரே இவ்விரண்டையும் அடிக்கடி குழப்புகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். தருமபுரிக்குப் 'பஸ் சார்ஜ்' எவ்வளவு என்கிறோமே, அது நம்மவர் வழக்கு. பயணக் கட்டணத்துக்கு ஆங்கிலேயர் சொல்வது 'ஃபேர்'. நடத்துநரிடம் தாராளமாகச் சார்ஜ் என்றே கேளுங்கள். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும்போது மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.