வெள்ளைக் குட்டி ராஜபாளையம் ஆகுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கண்டனூர் பக்கம் தென்னையும் முந்திரியும் வைத்திருக்கிறேன், 25 வெள்ளாடு நிற்கிறது. காவலுக்கு வளர்க்கும் செவலைப் பெட்டையை ராஜபாளையம் கலப்பு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆறு குட்டி போட்டு 35 நாள் ஆகிறது. ஒன்று மூக்கு சிவந்த முழு வெள்ளை, இரண்டு கருப்பு (கண்ணுக்கு மேல் செம்பொட்டு இருக்கிறது), ஒன்று சடை, மற்ற இரண்டும் தாய் மாதிரி செவலை. பார்க்கிறவர்கள் ராஜபாளையம், டாபர்மேன், பொமரேனியன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் என்ன இனம் கலந்திருக்கிறது? டி.என்.ஏ. பார்த்தால் தெரியுமா? ஆட்டுக்குக் காவலாக எதை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: தம்பி, மாட்டில் இந்தக் கேள்வி வந்தால் எனக்கு வேலை சுலபம். சினை ஊசிக் குச்சியிலேயே காளையின் எண்ணும் இனமும் அச்சடித்திருக்கும், கன்றில் ஜெர்சி பாதியா முக்காலா என்று அந்தக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். உங்கள் பெட்டைக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. வாடை அடித்த அந்த ஒரு வாரம் பத்து நாளில் தோப்பு வேலியைத் தாண்டி எத்தனை கடுவன் வந்து போனது என்று யாருக்குத் தெரியும்? நாய்க்கு முட்டை வெளிவந்து பக்குவப்பட இரண்டு நாள் பிடிக்கும், கடுவனின் விந்தும் உள்ளே பல நாள் உயிரோடு இருக்கும். அதனால் ஒரே ஈத்தில் இரண்டு மூன்று தகப்பன் இருப்பது அதிசயமே இல்லை. ஆனால் நிறம் வேறாக இருக்கிறது என்பதற்காகத் தகப்பன் வேறு என்று முடிவுகட்டவும் முடியாது, ஒரே தகப்பனுக்கே இந்த ஆறும் பிறந்திருக்கலாம்.

பொட்டு வைத்த கருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிறம் மறைந்து கிடக்கிற குணம், செவலைக்கு அடியில் பல தலைமுறை ஒளிந்திருக்கும். தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் சேர்ந்து வந்தால்தான் வெளியே தெரியும். அப்படியென்றால் உங்கள் செவலைப் பெட்டைக்குள்ளேயே அது இருந்திருக்கிறது. டாபர்மேனுக்கும் ராட்வீலருக்கும் கன்னி நாய்க்கும் இந்த நிறம் உண்டு, நம் தெருவில் சுற்றுகிற நாட்டு நாய்க்கும் உண்டு. கண்ணுக்கு மேல் பொட்டைப் பார்த்து டாபர்மேன் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

சடைக்குட்டி கதை வேறு, அது உண்மையிலேயே ஒரு தகவல் சொல்கிறது. நீள மயிரும் இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் வரும், குட்டை மயிர் அதை மூடிவிடும். நம் நாட்டு நாய்க்கும் ராஜபாளையத்துக்கும் இயல்பாகவே குட்டை மயிர்தான். ஆகவே தாயின் முன்னோரிலும் தகப்பனின் முன்னோரிலும் எங்கோ ஒரு சடை நாய் இருந்திருக்க வேண்டும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் ஒரு காலத்தில் எத்தனை வீட்டில் பொமரேனியன் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனவர்கள் விட்டுப்போனதும் உண்டு, கதவு திறந்திருந்த நேரம் பார்த்துத் தானே தெருவில் கலந்ததும் உண்டு. அதனால் பொமரேனியன் என்று சொன்னவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் அது தகப்பன் என்று அர்த்தம் இல்லை. பாட்டன் முப்பாட்டன் வழியாகக்கூட வந்திருக்கலாம்.

வெள்ளைக்குட்டிக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கவலை. வெள்ளை உடம்பு, சிவந்த மூக்கு என்றதும் எல்லோரும் ராஜபாளையம் என்று சொல்லிவிடுவார்கள். அது ராஜபாளையத்தின் அடையாளம்தான், மறுக்கவில்லை. ஆனால் உடம்பில் நிறமே இல்லாமல் பிறக்கும் குட்டி எந்த இனத்திலும் வரலாம். நிறம் கொடுக்கிற அதே செல்கள் உட்காதுக்கும் வேண்டும், அவை அங்கே போய்ச் சேராவிட்டால் காது கேட்காது. ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் அதிகம் பிறப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் குட்டிக்கு 35 நாள் ஆகிவிட்டதால் இப்போதே பார்த்துவிடலாம். தூங்கும்போது பின்பக்கமாகப் போய், காற்றோ தரை அதிர்வோ படாமல், இரண்டு சாவியை உரசிச் சத்தம் காட்டுங்கள். மற்ற குட்டிகள் எழுந்து இது மட்டும் எழவில்லை என்றால் வேறு வேறு நேரத்தில் மூன்று நான்கு தடவை பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படி வீட்டில் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். செவிட்டு நாய் தோப்புக் காவலுக்கு ஆகாது, ஆனால் ஒரு வீட்டில் அன்பாக வளரும். வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். எது எப்படியானாலும் பின்னால் இதை இன்னொரு வெள்ளை நாயோடு சேர்க்க வேண்டாம்.

அப்புறம் உடல்வாகு. நீண்டு ஒடுங்கிய முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, சாட்டை மாதிரி வால், இதெல்லாம் சிப்பிப்பாறை, கன்னி மாதிரியான வேட்டை நாய்களின் லட்சணம். 35 நாள் குட்டியில் இதைத் தேடிப் பயனில்லை, எட்டு மாதமாவது ஆகட்டும். ஒன்று சொல்ல வேண்டும், பட்டினி கிடந்த நாட்டு நாயும் வயிறு ஒட்டி, எலும்பு தெரிந்து அப்படியே சிப்பிப்பாறை மாதிரித்தான் நிற்கும். உங்கள் பெட்டையை உங்களிடம் கொடுக்கும்போது எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

நாட்டு நாயைப் பல இனம் கலந்து குழம்பிய மிச்சம் என்று நம் ஆட்களே நினைக்கிறார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம். உண்மை தலைகீழ். இன்று சான்றிதழோடு விற்கிற வெளிநாட்டு இனங்களில் பெரும்பாலானவை கடந்த 200 ஆண்டுகளுக்குள் மனிதர் பிரித்து வளர்த்தவை. நாட்டு நாய் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த வெயிலிலும் இந்தச் சோற்றிலும் தானாக நிலைத்த நாய். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனமாகப் பதிந்திருக்கிறது, அது நமக்குப் பெருமைதான். ஆனால் உங்கள் பெட்டை முக்கால்வாசி நாட்டு நாயாக இருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை.

டி.என்.ஏ. பார்க்கலாம். ரத்தம்கூட வேண்டாம், கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்பினால் போதும். ஆனால் அந்தச் சோதனை, தன் கையில் எந்தெந்த இனத்தின் மாதிரி இருக்கிறதோ அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். கன்னியோ கோம்பையோ அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பக்கத்தில் பொருந்துகிற ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயரை எழுதிவிடும், நீங்களும் அதை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்வீர்கள். அந்தப் பணத்துக்கு ஆறு குட்டிக்கும் தடுப்பூசி போட்டுவிடலாம்.

சரி, ஆட்டுக்கு எது? நிறத்தை வைத்தும் இனத்தை வைத்தும் தேர்ந்தெடுக்காதீர்கள். அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022இல் வெளியான ஆய்வில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் ஏறக்குறைய 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடிந்தது. நம் ஊரில் மஞ்சுவிரட்டுக்குக் கன்று வாங்கப் போகிறவர் தாய்ப்பசுவைப் பார்க்காமல் திரும்புவாரா? அதே போலத் தாயைப் பாருங்கள். உங்கள் பெட்டை ஆட்டோடு படுக்குமா, குட்டி துள்ளி ஓடினால் துரத்துமா, அந்நியர் வந்தால் குரைத்து நிற்குமா அல்லது ஓடிவிடுமா? தாய் ஆட்டை விரட்டுகிற நாயாக இருந்தால், பின்னால் வளர்ந்து வேட்டை நாய் வாகு தெரிகிற குட்டியை ஆட்டுக்கு விட வேண்டாம், ஓடுகிற எதையும் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கும். மற்றபடி, சத்தம் போட்டால் ஒரு நிமிடம் திடுக்கிட்டுப் பிறகு தானே வந்து முகர்ந்து பார்க்கிற குட்டி நல்லது. உடனே பாய்கிறதும் வேண்டாம், மூலையில் ஒடுங்கிக்கொண்டு வராததும் வேண்டாம். காது கேட்கிற எல்லாக் குட்டியிலும் இதைச் சோதித்து ஒன்றை எடுங்கள். எட்டு வாரம் வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், ஆனால் இப்போதிருந்தே தினமும் ஆட்டுப்பட்டிக்குள் கொஞ்ச நேரம் விடுங்கள். மூன்று மாதத்துக்குள் பழகியது ஆயுசுக்கும் நிற்கும்.

இனம் தெரியாததால் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, மருந்து. ஆட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் ஊசியை உண்ணிக்கும் சொறிக்கும் நாய்க்குப் போடுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கோலி என்கிற வெளிநாட்டு நாய் இனத்திலும் அதன் உறவு இனங்களிலும் ஒரு மரபணுக் கோளாறு உண்டு, அது இருக்கும் நாய்க்கு இந்த மருந்து மூளையைத் தாக்கிச் சாகடிக்கவும் கூடும். ஜெர்மன் ஷெப்பர்டு சிலவற்றிலும் அது உண்டு. உங்கள் சடைக்குட்டியின் முப்பாட்டன் யார் என்று தெரியாதபோது டாக்டர் அளந்து சொல்லாமல் ஒரு சொட்டும் வேண்டாம். அதே போல அறுவைக்குக் கொண்டுபோனால் வேட்டை நாய் கலப்பு இருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள், கொழுப்பு குறைந்த அந்த உடம்பு சில மயக்க மருந்துகளிலிருந்து எழ நேரமாகும்.

குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே கொடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. அப்போது தாயையும் கூட்டிக்கொண்டு போங்கள், பால் வற்றியிருக்கும், கருத்தடைக்குத் தேதி கேட்டு வாருங்கள்.