பீதர் அரண்மனையில் எத்தனை அணி?

கேள்வி: தக்காண சுல்தான்கள் காலத்தில் முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே அணியாகத்தானே இருந்தார்கள்? இனம், பிரிவு என்று பேசுவதெல்லாம் இன்றைய சண்டையை அன்றைக்கு ஏற்றிச் சொல்வதுதானே?
- ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: ஒரே அணியா? 1347-இல் தொடங்கிய பாமினி அரசைப் பாருங்கள். வடக்கிலிருந்து வந்து தக்காணத்திலேயே தலைமுறைகளாக வேர்விட்டவர்களும், உள்ளூரில் முஸ்லிமானவர்களும் தக்னிகள். ஈரான், மத்திய ஆசியாவிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்கள் ஆஃபாக்கிகள். அபிசீனியாவிலிருந்து (இன்றைய எத்தியோப்பியா) அடிமைகளாக வந்த ஹப்ஷிகள் பெரும்பாலும் தக்னிகள் பக்கம். ஆஃபாக்கிகளில் ஷியாக்கள் அதிகம். மற்ற இரு தரப்பிலும் சுன்னிகள் அதிகம். ஆனால் சண்டை மூண்டது பதவிக்காகவும் நிலத்துக்காகவும்தான்.

அதற்குப் பலியானவர் மஹ்மூத் கவான். ஈரானின் கீலான் பகுதியிலிருந்து வணிகராக வந்து, பாமினித் தலைநகரான பீதரில் தலைமை அமைச்சரானவர். பதவிகளை இரு தரப்புக்கும் சமமாகப் பங்கிட்டவரும் அவர்தான். கூடவே மாகாணங்களைச் சிறிதாக்கி ஆளுநர்களின் கையைக் கட்டினார். அதை அவர்கள் பொறுக்கவில்லை. அவருடைய முத்திரையை வைத்திருந்தவரை வளைத்து, வெற்றுத்தாளில் முத்திரை வாங்கி, ஒரிசா மன்னரைப் படையெடுத்து வரச்சொல்வதுபோல ஒரு கடிதத்தை அதில் எழுதிவிட்டார்கள். குடிபோதையில் இருந்த சுல்தானிடம், முத்திரை என்னுடையது, கடிதம் என்னுடையதல்ல என்று கவான் சொன்னார். பலிக்கவில்லை. 1481-இல், எழுபது வயதைக் கடந்த அந்த மனிதரின் தலையை வெட்டினார்கள். அவர் கட்டிய மதரசா இன்றும் பீதரில் இருக்கிறது. இரண்டு மினார்களில் ஒன்றுதான் மிச்சம். அதில் ஈரானிய நீல ஓடுகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பார்க்கும்போது மனசு கனக்கும்.

சரி, அவருக்கு எதிராக நின்ற தக்னி கட்சியின் தலைவர் யார்? மாலிக் ஹசன். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் சிறைபிடிக்கப்பட்டு முஸ்லிமானவர். அவர் மகன்தான் பாமினியிலிருந்து பிரிந்து அஹமத்நகர் அரசை நிறுவினார். பேரன் காலத்தில் அந்த அரசு ஷியா நெறிக்கு மாறியது. பாமினியிலிருந்து பிரிந்த இன்னொரு அரசான பிஜாப்பூரிலோ சுல்தான் மாறும்போதெல்லாம் ஷியா, சுன்னி என்று அரசு நெறியும் மாறிக்கொண்டே இருந்தது.

அப்புறம், அதே அஹமத்நகரைக் கடைசிக் காலத்தில் தாங்கிப் பிடித்தவர் மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாகப் பலமுறை விற்கப்பட்டவர். 1626-இல் இறக்கும்வரை முகலாயப் படையை அலைக்கழித்தார். வடக்கின் அந்த முஸ்லிம் பேரரசை எதிர்த்து அவரோடு சவாரி செய்தவர்களில் மராத்தியக் குதிரைவீரர்கள் ஏராளம். அவர்களை எந்த அணியில் சேர்ப்பீர்கள்?