அந்த மன்னிப்பு யார் பெயரில் போனது?

கேள்வி: எனக்கு வயது 28. ஊர் காவேரிப்பட்டினம். அம்மா இருபது வருடங்களுக்கு மேலாக வீட்டிலேயே நிப்பட்டு (தட்டை மாதிரிப் பலகாரம்) போட்டு, எங்கள் குலதெய்வத்தின் பெயரில் பாக்கெட் செய்து கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். மூன்று வருடங்களுக்கு முன் நான் அதை ஆன்லைன் விற்பனைத் தளத்தில் ஏற்றினேன். நன்றாகவே போனது. போன மாதம் திடீரென்று எல்லா லிஸ்டிங்கையும் தூக்கிவிட்டார்கள். வேறு மாநிலத்து நிறுவனம் ஒன்று அதே பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருக்கிறதாம். நாங்கள் அவர்கள் பெயரைத் திருடிவிட்டதாகப் புகார். ஆறு முறை அப்பீல் போட்டேன். நண்பன் கொடுத்த மாதிரியைப் பார்த்து, "தவறு நடந்துவிட்டது, இனி நடக்காது" என்றுகூட எழுதினேன். பலனில்லை. அக்கவுண்ட், ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் அம்மா பெயரில்தான். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார், இதெல்லாம் அவருக்குப் புரியவும் புரியாது. பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஏற்றலாமா? இல்லை, மனைவி பெயரில் புது அக்கவுண்ட் தொடங்கலாமா? தீபாவளி வேறு நெருங்குகிறது.

பதில்: தம்பி, லிஸ்டிங் போய்விட்டது என்று எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. பர்கூரிலிருந்து சேலைக்காரர்கள் எழுதுகிறார்கள், ஓசூரிலிருந்து உதிரிபாகம் விற்பவர்கள் எழுதுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்த வழியாகத் திரும்ப உள்ளே போவது? நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரியைத் திரும்பப் படியுங்கள். "எல்லாம் அம்மா பெயரில்தான். அவரிடம் எதுவும் சொல்லவில்லை."

அப்படியானால் அந்த மன்னிப்பு யார் பெயரில் போனது? உங்கள் பெயரில் இல்லை. இருபது வருடம் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அந்தப் பெயரை நாலு கடையில் நிலைநாட்டிய ஒரு பெண், "நான் அடுத்தவர் பெயரைத் திருடினேன், இனி செய்யமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்ததாக இப்போது பதிவாகியிருக்கிறது. அவருக்குத் தெரியாமல். எழுதியது அவர் பெற்ற பிள்ளை. எனக்கு இதைப் படித்தபோது கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.

வணிகக் குறியை, அதாவது டிரேட்மார்க்கை, பொய்யாக இட்டு விற்பது 1999 ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி குற்றம். 103, 104 ஆம் பிரிவுகளில் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அது வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட பேச்சு நடக்கும் இடத்தில் யார் பெயரை வைத்து நீங்கள் நண்பனின் மாதிரிக் கடிதத்தை ஒட்டினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும்.

என் பெரியம்மா ஒருவர், தர்மபுரிப் பக்கம். மகன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். அது கடன் பத்திரம் என்று அவருக்குத் தெரிந்தது, வசூலுக்கு ஆள் வாசலில் வந்து நின்ற அன்றுதான். கடன்கூட அவரை வாட்டவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்பதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுப் பெண்களின் பெயர் நம் வசதிக்கு எடுத்துப் போர்த்திக்கொள்ளும் துண்டு இல்லை. பெயர் அவருடையது, உழைப்பு அவருடையது, பொறுப்பும் சட்டப்படி அவருடையது. தகவல் மட்டும் உங்களோடு நின்றுவிட வேண்டுமா?

பயந்துவிடுவார் என்கிறீர்கள். எண்ணெய் விலை ஏறிய வருடங்களையும் கொரோனாவையும் தாண்டிய அம்மா ஒரு மின்னஞ்சலுக்குப் பயந்துவிடுவாரா? ஆறு அப்பீல் போட்டும் வழி தெரியாமல் நிற்பது நீங்கள்.

இப்போது இன்னொன்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். உங்களுக்கு இருக்கும் ஒரே நல்ல வாதத்துக்குச் சாட்சி உங்கள் அம்மாதான். அவரைத்தான் நீங்கள் இருட்டில் வைத்திருக்கிறீர்கள்.

டிரேட்மார்க் பதிவு செய்தவர் எல்லோரையும் துரத்திவிடலாம் என்பது நம் சட்டத்தில் இல்லை. அதே பெயரை அதே மாதிரிப் பொருளுக்கு அவருக்கு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருகிறவரைத் தடுக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. அதே வணிகக் குறிகள் சட்டத்தின் 34 ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. இருட்டுக்கடை அல்வா வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். திருநெல்வேலி அல்வாவுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். எதிர்த்தரப்பின் கையிலும் பதிவு இருந்தது. 2015 இல் தீர்ப்பு வந்தபோது, பதிவைவிட முந்திய பயன்பாட்டின் உரிமைதான் மேலானது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்து வென்றவரும் ஒரு பெண்தான்.

ஆனால் "இருபது வருடமாக" என்று வாயால் சொன்னால் போதாது. அந்த நிறுவனம் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய தேதி ஒன்று, பதிவுத் தேதி ஒன்று. இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பே உங்கள் அம்மா தொடங்கியிருக்க வேண்டும், இடையில் கைவிட்டிருக்கவும் கூடாது. அவர்கள் தேதியை நீங்கள் இன்றைக்கே பார்த்துவிடலாம். வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். பதிவகம் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது, நிப்பட்டு மாதிரி மாவுப் பலகாரங்கள் 30 ஆம் வகுப்பில் வரும். அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால், இன்ன தேதியிலிருந்து பயன்படுத்துகிறோம் என்றோ, இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம் என்றோ அவர்கள் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தது தெரியும். பதிவு உண்மையிலேயே முடிந்ததா, இன்னும் விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறதா என்பதும் தெரியும். வெறும் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு அத்துமீறல் வழக்குப் போட முடியாது. ஆறு அப்பீல் போட்டீர்களே, இந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தீர்களா?

உங்கள் பக்கத்துத் தேதி எங்கே இருக்கிறது? அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. முதல் லேபிளை எந்த அச்சகத்தில் அடித்தார், அந்த பில் இருக்கிறதா, எந்தெந்தக் கடைக்கு எப்போதிலிருந்து போட்டார், வரவு எழுதிய நோட்டு எங்கே, மகளிர் குழுவில் தொழிலுக்கென்று கடன் வாங்கியிருந்தால் அதன் தாள் எங்கே என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பேருந்து நிலையத்துக் கடைக்காரர் யார் பெயரைச் சொன்னால் எழுதிக் கொடுப்பார்? உங்கள் பெயரையா? பழைய லேபிள் ஒன்று ஏதாவது டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தாலும் அதைக் கிழிக்காமல் எடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழிலும் தேதி இருக்கும்.

விற்பனைத் தளத்தோடு இனி மல்லுக்கட்டாதீர்கள். அவர்கள் நீதிபதி இல்லை. புகார் வந்த பிறகும் பொருளை விட்டுவைத்தால் அடுத்தவர் ஏற்றியதற்குத் தளம் பொறுப்பில்லை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79 ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு தங்களுக்குப் போய்விடுமோ என்று பார்ப்பார்கள். பதிவு எண்ணைக் கண்டதும் எடுத்துவிடுவார்கள். யார் முதலில் தொடங்கினார் என்று விசாரிக்கமாட்டார்கள். பெரும்பாலும் புகார் கொடுத்தவரே திரும்பப் பெற்றால்தான் லிஸ்டிங் வரும். அதனால் எழுதவேண்டியது அந்த நிறுவனத்துக்கு. தளம் அனுப்பிய அறிவிப்பில் அவர்கள் முகவரி இருக்கிறதா பாருங்கள். ஆதாரங்களைச் சேர்த்துக்கொண்டு, டிரேட்மார்க் பார்க்கும் வழக்கறிஞர் வழியாக எழுதுங்கள். முன்பு போன மன்னிப்புக் கடிதத்தையும் அவரிடம் மறைக்காமல் காட்டுங்கள். அதை விளக்கவேண்டிய வேலை இப்போது அவர் தலையில்.

அவர்களைத் திருடர்கள் என்று எடுத்தவுடன் எழுதிவிடாதீர்கள். குலதெய்வத்தின் பெயர் என்கிறீர்கள். அதே தெய்வம் அவர்களுக்கும் குலதெய்வமாக இருக்கலாம். இரண்டு பேரும் நேர்மையாக ஒரே பெயரைப் பயன்படுத்தி வந்திருந்தால் இருவருக்குமே பதிவு கொடுக்க வணிகக் குறிகள் சட்டத்தின் 12 ஆம் பிரிவில் இடமிருக்கிறது. பேசினால் தீரும் விஷயமாகக்கூட இருக்கலாம். பேச்சுக்கு வராவிட்டால் அவர்கள் பதிவை நீக்கக் கோரிப் பதிவகத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். அது செலவும் காலமும் பிடிக்கும். அந்த முடிவையும் அம்மாதான் எடுக்கவேண்டும்.

உங்கள் இரண்டு கேள்விகள். ஓர் எழுத்தை மாற்றினால், ஏமாற்றும் அளவுக்கு ஒத்த பெயர் என்று அதுவும் அத்துமீறலாகத்தான் பார்க்கப்படும். அதைவிட மோசம், முதலில் வைத்த பெயர் உங்களுடையது இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். மனைவி பெயரில் அக்கவுண்ட்? ஒரே முகவரி, ஒரே போன், ஒரே சரக்கு. இரண்டையும் இணைத்துப் பார்த்து மூடுவார்கள், வரவேண்டிய பணமும் நிற்கலாம். சரி, அதை விடுங்கள். மனைவியிடமாவது கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. அம்மா பெயர் தீர்ந்தது, அடுத்து மனைவி பெயர் என்று நகர்கிறீர்கள். கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணின் பான் கார்டு உங்கள் அடுத்த அப்பீல் இல்லை.

தீபாவளிக்குள் லிஸ்டிங் திரும்பும் என்று நம்பி மாவு அரைத்து வைக்காதீர்கள். இந்த வருடம் பழையபடி கடைகளுக்குப் போடுங்கள், கிருஷ்ணகிரி, தர்மபுரி வரைக்கும் வண்டியில் போய்வாருங்கள். அந்தக் கடைகளில் அம்மாவைத் தெரியும்.

அப்புறம், அம்மாவின் பெயரில் நீங்களும் பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய். முன்பிருந்தே பயன்படுத்துகிறோம் என்று சொன்னால் ஆதாரங்களோடு ஒரு பிரமாணப் பத்திரமும் கேட்பார்கள். இந்தத் தொழிலை எந்த வருடம், எப்படித் தொடங்கினேன் என்று அதில் சொல்லிக் கையெழுத்துப் போடப்போவது அவர்தான். அதைப் படித்துக் காட்டாமல் அவரிடம் பேனாவை நீட்டாதீர்கள்.

இன்று இரவு அடுப்பை அணைத்துவிட்டு அவர் உட்காரும்போது அந்த அறிவிப்பைத் தமிழில் வரிவரியாகச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய மன்னிப்பையும் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு முதல் லேபிள் எங்கே அடித்தது என்று கேளுங்கள்.