முன்னால் பாதை காலி. பிறகு ஏன் பிரேக்?

கேள்வி: நான் சிங்கப்பூரில் ஒரு கேட்டரிங் நிறுவனத்தில் லாரி ஓட்டுகிறேன். போன ஞாயிறு காலை ஏழு மணி இருக்கும். உட்லண்ட்ஸில் சாப்பாட்டை இறக்கிவிட்டு மண்டாய் ரோடு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒன்பது சைக்கிள்காரர்கள், இரண்டிரண்டு பேராக, இடது தடத்தை அடைத்துக்கொண்டு போனார்கள். ஹாரன் அடித்தேன். ஒருவன் திரும்பி விரலைக் காட்டினான். அடுத்த சிக்னலில் நின்றபோது அவனே வந்து என் பக்கக் கண்ணாடியைக் கையால் அடித்து உடைத்துவிட்டுப் போனான். விட மனமில்லை. தாண்டிப் போய், நிறுத்தி நியாயம் கேட்கலாம் என்று பிரேக் போட்டேன். பின்னால் வந்து மோதிவிட்டான். மணிக்கட்டில் சின்ன விரிசலாம். இப்போது 4,500 வெள்ளி கேட்டு வாட்ஸ்அப் அனுப்புகிறான். சாலை வரி கட்டாதவர்கள், நம்பர் பிளேட் இல்லாதவர்கள், இவர்களுக்கு ஒரு சட்டமும் இல்லையா? பின்னால் வந்து மோதியது அவன்தானே? கண்ணாடிக்கான 320 வெள்ளியை அவனிடம் வாங்க முடியுமா? எல்லாம் கேமராவில் இருக்கிறது, ஃபேஸ்புக்கில் போடலாமா? முதலாளிக்கு இன்னும் சொல்லவில்லை. (வாசகர், ஈசூன்)

பதில்: உங்கள் கடிதத்தில் வழக்கு என்று ஒன்று இருந்தால் அது ஒரே வரியில் இருக்கிறது: ‘நிறுத்தி நியாயம் கேட்கலாம் என்று பிரேக் போட்டேன்.’ ஹாரன், விரல், கண்ணாடி எல்லாம் அந்த வரிக்கு முன்னுரை. உங்கள் விளக்குகள் சிவப்பாக எரிந்த அந்த நொடியில் லாரிக்கு முன்னால் என்ன இருந்தது என்றுதான் விசாரணை அதிகாரியும் கேட்பார், அரசுத் தரப்பும் கேட்கும், அந்தச் சைக்கிளோட்டியின் வக்கீலும் கேட்பார். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எதுவும் இல்லை.

‘பின்னால் மோதியவன் மேல்தான் தவறு’ என்பதை நம்பி வருகிறவர்கள் அதிகம். பின்னால் வருபவர் இடைவெளி விட்டு வரவேண்டும், சரி. அவர் விட்டுத்தான் வந்துகொண்டிருந்தார். தாண்டிப் போய் அவர் முன்னால் நுழைந்து அந்த இடைவெளியை இல்லாமல் ஆக்கியது நீங்கள். அந்த வாதம் உங்களுக்கு உதவாது.

மனக்குறைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஒன்பது பேர் இரண்டிரண்டாகப் போனால் ஐந்து சைக்கிள் நீளம். 2022 ஜனவரி 1 முதல் உள்ள வரம்பே ஐந்து சைக்கிள் நீளம்தான். நீங்களே ‘இடது தடம்’ என்று எழுதுகிறீர்கள். ஒரே திசையில் இரண்டு தடமாவது இருந்து, பேருந்துத் தட நேரமாகவும் இல்லாவிட்டால் அவர்கள் அப்படிப் போகலாம். அன்று ஞாயிற்றுக்கிழமை, பேருந்துத் தட நேரம் கிடையாது. சாலை வரி கட்டாததால் ஒருவருடைய எலும்புக்கு விலை குறையாது. கண்ணாடியை உடைத்தது குற்றம்தான், அதற்கு அவர் பதில் சொல்லவேண்டும். ஆனால் அவருடைய குற்றம் உங்களுடையதைக் கழித்துவிடாது. இரண்டும் தனித்தனியாக நடக்கும்.

அப்படி நடந்தும் இருக்கிறது. 2018 டிசம்பரில் பாசிர் ரிஸ் டிரைவ் 3ல் ஒரு சைக்கிளோட்டி லாரியின் பக்கக் கண்ணாடியை அடித்தார். லாரி இடப்பக்கம் வெட்டித் திரும்பியதில் அவர் புல்வெளியில் போய் விழுந்தார். காணொளி ஊர் முழுக்கப் பரவியது, பலர் லாரிக்காரர் பக்கம் பேசினார்கள். முடிவில் சைக்கிளோட்டிக்கு 2,800 வெள்ளி அபராதம். லாரிக்காரருக்கு ஏழு வாரம் சிறை, இரண்டு ஆண்டு வண்டி ஓட்டத் தடை. உங்கள் கதைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள்.

அடுத்தது ‘சின்ன விரிசல்’. சட்டத்தில் சின்ன விரிசல் என்று ஒன்று கிடையாது. எலும்பு முறிந்தாலே கடுங்காயம், மயிரிழை அளவு முறிவாக இருந்தாலும். கவனக்குறைவாக ஓட்டிக் கடுங்காயம் விளைவித்தால் 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. ஆபத்தாக ஓட்டி விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. முதல் தடவை தவறியவர்களுக்கான கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகளை நீக்க நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தியது. உங்களுக்கு அது கொஞ்சம் ஆறுதல். ஆனால் ஒரு வருடமோ அதற்கு மேலோ தடை விழுந்தால் உரிமமே செல்லாது, தடை முடிந்தபின் மறுபடி பாடம், மறுபடி தேர்வு. அதுவரை எந்த முதலாளி காத்திருப்பார்? என் கவலை உங்கள் கண்ணாடி இல்லை, உங்கள் வேலை.

நீங்கள் கவனக்குறைவின் பக்கம் நிற்கிறீர்களா, ஆபத்தின் பக்கம் நிற்கிறீர்களா, அதையும் தாண்டி வேண்டுமென்றே செய்த காரியமா என்பதைத் தீர்மானிப்பது அன்று நடந்தது மட்டுமல்ல. அதற்குப் பிறகு நீங்கள் பேசுவதும் எழுதுவதும்தான். என்னிடம் வருகிறவர்கள் விழும் குழி இதுதான். வண்டியை ஓட்டும்போது விழுவதில்லை, வாயைத் திறக்கும்போது விழுகிறார்கள்.

நம் ஆட்கள் வாக்குமூலம் கொடுக்கப் போனால் நியாயத்தைச் சொல்லப் போகிறார்கள். காலையில் எழுந்ததிலிருந்து ஆரம்பித்து, அவன் விரலைக் காட்டியது, தன் மானம் போனது, தனக்குக் கோபம் வந்தது என்று கொட்டுவார்கள். அதிகாரி பொறுமையாகத் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். ‘அவனுக்கு ஒரு பயம் காட்டலாம்னு ஜாம் பிரேக் போட்டேன் சார்’ என்று சொன்ன ஒருவர் எனக்குத் தெரியும். மனதில் இருந்தது ஒரு அதட்டல், அவ்வளவுதான். காகிதத்தில் ஏறியபோது அது ஆங்கிலத்தில் ‘பயமுறுத்தும் நோக்கத்துடன் பிரேக்கை அழுத்தினேன்’ என்று ஏறியது. கீழே அவர் கையெழுத்து. நீதிமன்றத்தில் அந்த ஒரு வரியைச் சுற்றி இரண்டு நாள் வாதாடினேன், நகர்த்த முடியவில்லை.

பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய் சொன்னால் இதைவிடப் பெரிய குற்றம். உங்களைக் குற்றச்சாட்டில் மாட்டக்கூடிய எதையும் சொல்லியாக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பது சட்டம்; அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிழையைத் திருத்தச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள். ‘நேரமாகுது, பரவாயில்லை’ என்று போட்டுவிடாதீர்கள்.

வாட்ஸ்அப் குரல் பதிவும் வாக்குமூலம்தான். வேலையிடத்துக் குழுவில் நீங்கள் அன்றே ஏதாவது பேசியிருப்பீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. ‘வச்சேன் பாரு ஒரு ஆப்பு’ என்ற ரகத்தில் இருந்தால், அது ஏழு பேர் கைபேசியில் இருக்கிறது. இனி ஒரு சொல்லும் கூடாது.

இனி கேமரா. அது உங்கள் சாட்சி என்று நினைத்திருக்கிறீர்கள். ஒரு தடவை தனியாக உட்கார்ந்து, ஒலியைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்கள் வண்டிக்குள் பேசுவதையும் பதிகின்றன. சிக்னலில் நீங்கள் சொன்ன வசையும், ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது சொன்னதும் அதில் இருக்கும். படத்தின் மூலையில் வேகம் ஓடிக்கொண்டிருந்தால் அது ஏறி, ஏறி, சட்டென்று இறங்குவதும் தெரியும். அப்போது எதிரே காலைப் பனியில் வெறும் தார்ச்சாலை. உங்களுக்கு அந்தப் படத்தில் தெரிவது உடைந்த கண்ணாடி. நீதிபதிக்குத் தெரியப்போவது அந்த வெறும் சாலை.

அதனால் அழித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வரும். நண்பர்களே சொல்வார்கள். அழிக்காதீர்கள். விசாரணையைத் தடுக்கும் நோக்கில் சான்றை அழித்தால் அது நீதியின் போக்கைத் தடுத்த குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. கண்ணாடி உடைகிற இடத்தை மட்டும் வெட்டிக் கொடுப்பதும் வேண்டாம். மீதி எங்கே என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். பழைய பதிவின் மேல் புதியது தானாகவே ஏறிவிடும், அதனால் கேமராவின் பதிவு அட்டையை இன்றே கழற்றி வைத்துவிடுங்கள்.

ஃபேஸ்புக் கேள்விக்கு என் பதில்: கூடாது. ‘அவன் முகத்தைப் பாருங்கள், எங்கே வேலை செய்கிறான் கண்டுபிடியுங்கள்’ என்று போட்டால், துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் அது தனிக் குற்றமாகலாம். 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. சைக்கிள்காரர்களைத் திட்டி ஆயிரம் பேர் உங்கள் பக்கம் நிற்பார்கள். நீதிமன்றத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

4,500 வெள்ளிக்கு வருகிறேன். பயந்துபோய் பேநவ் மூலம் பணத்தை அனுப்பிவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதியில்லாமல் தவறை ஒப்புக்கொள்வதையோ பணம் கொடுப்பதையோ வாகனக் காப்பீடுகள் பொதுவாகத் தடுக்கின்றன. நீங்கள் கொடுத்த பிறகும் அவர் வழக்குப் போடலாம். காயத்துக்கு அவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. அப்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தால் நடுவில் நிற்பது நீங்கள். அவருக்கும் உங்களுக்கும் சமரசம் ஆனாலும் போலிஸ் நடவடிக்கை நிற்காது, அது அரசுத் தரப்பின் முடிவு. ஆனால் காயம்பட்டவருக்கு முறைப்படி ஈடு செய்தது தண்டனையின்போது உங்களுக்கு உதவும்.

அதனால் பச்சையாகச் சொல்கிறேன்: இழப்பீட்டு விஷயத்தில் சண்டை போடாதீர்கள். காப்பீடு வழியாகத் தீர்த்துவிடுங்கள். அவர் கண்ணாடியை உடைத்ததைக் காட்டித் தொகையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 320 வெள்ளியை மறந்துவிடுங்கள். அதற்காக நீங்கள் தொடுக்கும் எந்த வழக்கிலும் முதல் சான்றாக நிற்கப்போவது உங்கள் பிரேக்.

முதலாளியிடம் மறைத்தது எனக்குப் பெரிய வருத்தம். லாரி அவர் பேரில், காப்பீடு அவர் பேரில். வேலை நேரத்தில் நடந்ததற்கு அவரையும் சேர்த்துத்தான் வழக்கு வரும். விபத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் 24 மணி நேரத்திலோ அடுத்த வேலை நாளிலோ சொல்லியிருக்க வேண்டும். ஆள் காயம்பட்டதால் போலிசிலும் 24 மணி நேரத்துக்குள். இரண்டும் தவறிப்போனது. தாமதமாகச் சொல்வதற்கு விளக்கம் கொடுக்கலாம். அவர்களே தேடி வந்த பிறகு சொல்வதற்கு விளக்கமே இல்லை.

நாளை காலை லாரியை எடுக்கும் முன் முதலாளியைப் பாருங்கள். அட்டையை உறையில் போட்டுத் தேதி எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். அன்றைக்கே வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு, அதே நாளில் போலிஸ் புகார். செலவுக்குப் பயந்தால் புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் இலவச ஆலோசனைக்குப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு அந்த சைக்கிளோட்டிக்கு ஒரே ஒரு செய்தி: கை எப்படி இருக்கிறது, காப்பீட்டு நிறுவனத்தின் விவரம் இதோ, மருத்துவச் செலவு பற்றி அவர்களிடம் பேசுங்கள். கண்ணாடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம்.