பெரியவள் ஏன் எழுந்து போகிறாள்?

கேள்வி: என் மனைவி நான்கு மாதமாகத் திருச்சியில் இருக்கிறாள், பக்கவாதத்தில் விழுந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள. இங்கே நானும் இரண்டு பெண்களும். ஐந்து வயதுச் சின்னவள் ‘மை நெய்பர் டோட்டோரோ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை ஏழெட்டு தடவை பார்த்துவிட்டாள். சண்டை இல்லை, வில்லன் இல்லை, கதையே நகரவில்லை. இப்படியே பழக விடலாமா? பதினொரு வயதுப் பெரியவளால் தொந்தரவே இல்லை. தங்கைக்குத் தலை பின்னிப் பள்ளிக்குக் கிளப்புவதும் அவள்தான். படத்தில் அம்மா தலைவாரிவிடும் இடம் வந்தால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள். அவளுக்கும் போரடிக்கிறது போல.

பதில்: சின்னவள் பார்க்கட்டும், விடுங்கள். 1988-ல் வந்த, கையால் வரைந்த படம். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. தலையில் ஓர் இலையோடு மழையில் நிற்கும் டோட்டோரோ என்ற அந்தப் பெரிய காட்டுப் பூதம், கடன் வாங்கிய குடையின்மேல் சொட்டும் துளிகளின் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை விரிக்குமே, அதை அந்த வயதில் நூறு தடவையும் பார்க்கலாம்.

உங்கள் கடைசி இரண்டு வரிதான் என்னைக் குத்துகிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் எழுந்து போகிறாளா? தம்பி, அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் தாகம் எடுக்காது. இந்த நாலு மாதத்தில் அவள் தலையை யார் வாரிவிட்டார்கள்?

படத்தை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில். மூத்த பெண் சத்சுகிக்கு உங்கள் பெரியவள் வயதுதான் இருக்கும். காலையில் அடுப்படியில் நின்று எல்லோருக்கும் மதியச் சாப்பாடு கட்டுகிறாள். தூங்கி எழுந்து வரும் அப்பா, டப்பா கட்டவேண்டும் என்பதையே மறந்துவிட்டேன் என்கிறார். அவளும் தொந்தரவே இல்லாத பிள்ளைதான், ஆஸ்பத்திரித் தந்தி வரும்வரை. அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி முன்னால் நின்று, அம்மா செத்துப்போனால் என்ன செய்வது என்று ஓவென்று அழுகிறாள். அக்கா அழுவதைப் பார்த்த பிறகுதான் குட்டித் தங்கை மெய் ஒரு சோளக்கதிரை அணைத்துக்கொண்டு அம்மாவைத் தேடித் தனியாகக் கிளம்பித் தொலைந்து போகிறாள். கடைசியில் அந்த அம்மாவே கணவரிடம் சொல்கிறாள்: பிள்ளைகள் வெளியே தெரிவதைவிட அதிகம் தாங்கியிருக்கிறார்கள், சொன்ன பேச்சைக் கேட்கிற சத்சுகியை நினைத்தால்தான் இன்னும் பாவமாக இருக்கிறது என்று. இயக்குநர் மியாசாகியின் தாயும் அவர் சிறுவனாக இருந்தபோது காசநோயால் வருடக்கணக்கில் படுத்த படுக்கை. பட்டவர் எடுத்த படம்.

மூத்தவள் பாதி அம்மா என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவளைப் பார்க்க உங்கள் மனைவி போனது நியாயம். அவள் விட்டுப்போன வேலை உங்கள் தலையில் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? ஒரு குழந்தை அதைச் சுமக்கிறது; நீங்கள் ‘தொந்தரவே இல்லை’ என்று எழுதுகிறீர்கள்!

நாளையிலிருந்து சின்னவளுக்கு நீங்கள் பின்னுங்கள். எண்ணெய் தடவி, நடுவகிடு எடுத்து, மும்மூன்று புரியாகப் பிரித்து. கோணலாக வந்தால் வரட்டும். பெரியவளிடம் கற்றுக்கொள்ளாதீர்கள், அதுவும் அவளுக்கு ஒரு வேலை. மனைவியிடம் வீடியோ காலில் கேளுங்கள். இந்தச் சனிக்கிழமை சின்னவளைச் சொந்தக்காரர் யார் வீட்டிலாவது விட்டுவிட்டு, பெரியவளை மட்டும் திருச்சிக்குக் கூட்டிப் போங்கள். பஸ் ஏறுமுன் மனைவிக்கு ஒரு போன் போட்டு, சீப்பை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.