அடைப்பைத் தேட வேண்டாம், இடுப்பை அளந்து பாருங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மனச்சிதைவு என்று சொல்லி இரண்டு மாதமாக ஓலன்சபின் கொடுக்கிறார்கள். இல்லாத குரல்கள் காதில் கேட்பது குறைந்திருக்கிறது. ஆனால் சித்தப்பா, "இது மூளை ரத்தக்குழாய்க் கோளாறு. ஆஞ்சியோகிராம் எடுத்துவிட்டு, இந்த மாத்திரையை நிறுத்தி, ரத்த ஓட்டத்துக்கு மாத்திரை போடுங்கள்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆஞ்சியோகிராமும் வேண்டாம். ஆனால் சித்தப்பா ஒன்றுமே இல்லாததைச் சொல்லவில்லை. மனச்சிதைவில் மூளையின் ரத்தக்குழாய்களுக்குப் பங்கு இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்களும் கருதுகிறார்கள். அவர்கள் பேசுவது அடைப்பைப் பற்றி அல்ல, குழாயின் சுவரைப் பற்றி.

மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியே இல்லாமல் தைத்தாற்போல் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் ஓடும் எல்லாமும் மூளைக்குள் கசியாமல் காப்பது இந்தத் தையல்தான். கிளாடின்-5 என்ற புரதம் இதில் முக்கியமான இழை. அதற்கான மரபணு 22ஆவது குரோமோசோமில் இருக்கிறது. சுமார் 4,000 குழந்தைகளில் ஒன்று அந்தப் பகுதியில் ஒரு துண்டு குறைந்து பிறக்கிறது. அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வளர்ந்தபின் மனச்சிதைவு வருகிறது. அதே துண்டில் வேறு பல மரபணுக்களும் போய்விடுவதால், பழி முழுவதையும் கிளாடின்மேல் போட முடியாது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் எலிகளில் இந்தப் புரதத்தை மட்டும் குறைத்துப் பார்த்தபோது நினைவாற்றலும் நடத்தையும் மாறின. மனச்சிதைவுக்கான மருந்துகள் இந்தப் புரதத்தைக் கூட்டுவதையும் அதே ஆய்வில் கண்டார்கள். சித்தப்பாவிடம் அவசியம் சொல்ல வேண்டிய செய்தி இது.

தையல் விட்டுப்போனால் ஆஞ்சியோகிராமில் தெரியாதா என்று கேட்பீர்கள். அது பெரிய குழாய்களைக் காட்டும் படம். நுண்குழாயின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. வலிப்பு, கை கால் பலவீனம், காய்ச்சலோடு குழப்பம், புதிதாகக் கடும் தலைவலி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த ஓட்ட மாத்திரை இந்த நோய்க்கு மருந்தல்ல. ஓலன்சபினைத் திடீரென்று நிறுத்தினால் குரல்கள் திரும்பிவரும் ஆபத்து அதிகம்.

ரத்தக்குழாய்களுக்காக நீங்கள் செய்யக்கூடிய வேலை வேறு. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். இதயம், ரத்தக்குழாய் நோய்கள் அதற்குப் பெரிய காரணம். ஓலன்சபின் பசியைக் கிளப்பும். எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் ஏறலாம். அதனால் வாரம் ஒரு நாள், காலையில் சாப்பிடும் முன் எடை பாருங்கள். மாத்திரை தொடங்கியபோது 60 கிலோ என்றால் 63 தாண்டியதுமே மருத்துவரிடம் சொல்லுங்கள். 80 ஆகும்வரை காத்திருக்காதீர்கள். ஏறிய எடையை இறக்குவது மிகக் கடினம். மருந்தை மாற்றுவதோ மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பதோ மருத்துவரின் முடிவு. இடுப்பளவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் எடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் மூன்றாவது மாத முடிவிலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவதும் பாருங்கள். சர்க்கரை 100-ஐத் தாண்டினாலே பேச வேண்டும். 126 வரை விடக் கூடாது. பசிக்கிறது என்று தம்பி கேட்கும்போது திட்டாதீர்கள், அது மருந்தின் பசி. சுண்டல், வெள்ளரிக்காய், மோர் என்று கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். குளிர்பானம் வீட்டுக்குள் வர வேண்டாம்.

பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், விடுவது ரத்தக்குழாய்களுக்கு மிக நல்லது. ஆனால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு விட வேண்டும். புகை, ஓலன்சபினைக் கல்லீரல் வேகமாக அழிக்கும்படி செய்கிறது. புகைப்பதை நிறுத்தியதும் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கி, தூக்கமும் தள்ளாட்டமும் வரலாம். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இரவில் தம்பி நிலைதடுமாறி, யாரைக் கேட்பது என்று தெரியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.