வீட்டு டிவியில் கமரா தெரிகிறது, வெளிநாட்டில் போனில் மட்டும் படம் இல்லை. கோளாறு எங்கே?

நீங்கள் எழுதியிருப்பது இது: கல்முனை வீட்டில் ரெக்கோர்டரோடு இணைத்த டிவியில் நாலு கமராவும் தெளிவாகத் தெரிகிறது, பதிவும் ஆகிறது. ரியாத்திலிருந்து நீங்கள் போனில் செயலியைத் திறந்தால் ‘ஒன்லைன்’ என்று காட்டிவிட்டு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரெக்கோர்டர் பெட்டியை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். டிவியில் படம் வந்து பதிவும் ஆகிறதென்றால் கமராவும் வயரும் ஹார்ட் டிஸ்க்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. படம் வீட்டை விட்டு வெளியே வரும் வழியில்தான் எங்கோ நிற்கிறது. இதே தொல்லையை நானும் பட்டிருக்கிறேன். நான் இருப்பது தோஹாவில், அம்மா களுவாஞ்சிகுடியில். அப்பா போன பிறகு அம்மா தனியே இருப்பதால்தான் அந்தக் கமராக்களைப் பூட்டினோம். படம் வராத அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சரியான நித்திரை இல்லை.

எங்களுக்குத் தொடங்கியது ஒரு மழைக்கால இடியோடு. டெலிபோன் வயரில் வந்த மின்னல் பழைய ரவுட்டரைக் கருக்கிவிட்டது. தம்பி ஒருவர் சிம் போடும் 4ஜி ரவுட்டர் வாங்கிப் பூட்டித் தந்தார். அம்மாவின் போனுக்கு வைஃபை வந்தது, வாட்ஸ்அப் வேலை செய்தது. கமரா மட்டும் ‘ஓஃப்லைன்’. பார்க்க வந்தவர் ரெக்கோர்டர் பழுதாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மாவை வீடியோ கோலில் எடுத்து, பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்துவிட்டு, போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தார். “மகன், நீல வயர் செருகின இடத்தில ரெண்டு லைட் கிடக்கு. பச்சை அப்படியே எரியுது, மற்றது மினுங்குது.” அதைக் கேட்டதும் பாதி நிம்மதி. அந்த விளக்குகள் எரிந்தால் பெட்டியின் நெட்வொர்க் துளை கருகவில்லை, ரவுட்டர் வரை வயரும் சரி.

பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையை மவுஸைப் பிடிக்கச் சொல்லி நெட்வொர்க் மெனுவைத் திறந்தோம். பெட்டியின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் வீட்டு இலக்கம் போல) 192.168.1.108, கேட்வே (வெளியே போகும் வாசலான ரவுட்டரின் முகவரி) 192.168.1.1. பழைய ரவுட்டருக்கு ஏற்றபடி யாரோ கையால் அடித்து வைத்தது. புதிய ரவுட்டரின் முகவரியோ 192.168.8.1. பல 4ஜி ரவுட்டர்கள் இப்படித்தான் வருகின்றன. வயர் பூட்டியிருந்தும் இரண்டும் வேறு வேறு தெருவில் நிற்பது போல. ரவுட்டரே முகவரி கொடுக்கும் டிஎச்சிபி என்ற இடத்தில் ஒரு டிக் போட்டதும் பெட்டி தானாகவே புது முகவரி எடுத்துக்கொண்டது. இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் வெறுமையாகக் கிடந்தால் அங்கே 8.8.8.8 போடுங்கள். அது இல்லாவிட்டாலும் ஓஃப்லைன்தான் காட்டும்.

உங்களுக்கு ஒன்லைன் காட்டுவதால் நீங்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் ரவுட்டர் மாற்றிய வீடுகளில் பெரும்பாலும் முதலில் இதுதான் சிக்கும், அதனால் விரிவாகச் சொன்னேன்.

சரி, இனி உங்கள் பிரச்சினை. எங்களுக்கும் ஒன்லைன் வந்த பிறகு படம் வரவில்லை, அதே வட்டம்தான். ஒன்லைன் என்றால் பெட்டி இணையத்தில் இருக்கிறது என்ற சின்னத் தகவல் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். படம் அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு பெரிது. அது வீட்டிலிருந்து வெளியே போகவேண்டிய சாமான் என்பதால், டவுன்லோட் வேகம் எவ்வளவு இருந்தும் பயனில்லை, அப்லோட் வேகம்தான் கணக்கு.

வீட்டில் உள்ள ஒருவரிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அவருடைய போனில் அதே செயலியைப் போட்டு, முதலில் வீட்டு வைஃபையில் பார்க்கட்டும். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவில் பார்க்கட்டும். வைஃபையில் வந்து டேட்டாவில் வராவிட்டால் பெரும்பாலும் அப்லோட்தான். இரண்டிலும் வராவிட்டால் பெட்டியின் அமைப்பிலோ செயலியிலோ கோளாறு. பாஸ்வேர்டை மாற்றிய பிறகு செயலியில் பழையது கிடக்கிறதா, ஸ்ட்ரீம் என்கிரிப்ஷன் (படத்தைப் பூட்டி அனுப்புவது) போட்டு அதற்கான கோட் கேட்கிறதா என்று பாருங்கள்.

ரெக்கோர்டர் ஒவ்வொரு கமராவுக்கும் இரண்டு படம் தயாரிக்கிறது. மெயின் ஸ்ட்ரீம் பதிவுக்கு, சப் ஸ்ட்ரீம் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு. 1080பி மெயின் ஸ்ட்ரீம் ஒன்றுக்கு நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் நாலு கமராவுக்கு 16 மெகாபிட் அப்லோட் வேண்டும். பின்னேரத்தில் எல்லோரும் போனோடு இருக்கும் நேரம் 4ஜியில் அதை எதிர்பார்க்க முடியாது. சப் ஸ்ட்ரீமை 640x480, நொடிக்கு 10 ஃபிரேம், 512 கிலோபிட், படத்தைச் சுருக்கும் முறை எச்.264 என்று வையுங்கள். நாலும் சேர்ந்து ஏறக்குறைய 2 மெகாபிட்டில் அடங்கிவிடும். எச்.265 இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை, ஆனால் பழைய போன்கள் சிலவற்றில் அது கருப்பாகத்தான் வரும். அதை மெயினுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்தை நாலு கமராவுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். நாங்கள் முதலாவதற்கு மட்டும் செய்துவிட்டு, மற்ற மூன்றும் ஏன் வரவில்லை என்று ஒரு மணித்தியாலம் தேடினோம். செயலியிலும் எச்டியை விட்டு சாதாரணப் படத்துக்கு மாற்றுங்கள்.

டேட்டா பக்கேஜ் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது காசுக் கணக்கும்தான். ஒரு கமராவை 512 கிலோபிட்டில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் ஏறக்குறைய 230 எம்பி. அதே கமராவை 4 மெகாபிட்டில் பார்த்தால் 1.8 ஜிபி. அம்மா மாதத் தொடக்கத்தில் போட்ட டேட்டா எட்டாம் தேதியே முடிந்ததன் காரணம், எச்டியில் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போன நான்தான்.

நேரடிப் படம் வந்து பழைய பதிவு மட்டும் காணாமல் போனால், பெட்டியின் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காசு போன்ற சின்ன பற்றரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். பதிவு இருக்கும், வேறு தேதியில் இருக்கும். பற்றரியை மாற்றி, இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் என்டிபியைப் போட்டு, நேர வலயத்தை ஜிஎம்டி +5:30 ஆக்கிவிடுங்கள்.

இன்னொன்று. யாராவது போர்ட் ஃபோர்வேர்ட் (வெளியிலிருந்து நேரே பெட்டிக்கு வர ரவுட்டரில் வழி திறப்பது) செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். 4ஜியில் உங்கள் ரவுட்டருக்குப் பெரும்பாலும் தனிப் பொது முகவரி கிடையாது. ரவுட்டரின் வெளி முகவரி 10 என்றோ 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் வெளியிலிருந்து கதவைத் தட்டவே முடியாது. பெட்டியில் உள்ள கியூஆர் கோடை ஸ்கான் செய்து சேர்க்கும், தயாரிப்பாளரின் சர்வர் மூலம் பெட்டியையும் போனையும் இணைக்கும் பி2பி முறைதான் அங்கே வேலை செய்யும். பொது முகவரி இருந்தாலும் திறந்துவிடாதீர்கள். 2016 ஒக்டோபரில் மிராய் என்ற தீநிரல் அமெரிக்காவின் பெரிய தளங்கள் பலவற்றை முடக்கியது, தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் திறந்து கிடந்த இப்படிப்பட்ட ரெக்கோர்டர்களையும் கமராக்களையும் பிடித்து வைத்துத்தான். தாய் தகப்பன் இருக்கும் வீட்டைக் காட்டும் கமரா அது. பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள்.

வைஃபை, டேட்டா சோதனையின் முடிவையும், எந்தெந்த நேரத்தில் படம் வராமல் போகிறது என்பதையும் கீழே எழுதுங்கள். காலையில் வந்து இரவில் வராவிட்டால் சப் ஸ்ட்ரீமை 256 கிலோபிட்டுக்குக் குறைத்துப் பார்க்கலாம். அம்மா வீட்டில் இப்போது அந்த அளவில்தான் ஓடுகிறது, விடிய அவர் முற்றம் கூட்டுவது தெரிகிறது.